கல்லுமலையின் வெள்ளை

நான் வேலை செய்யும் இடத்தில் மலையை மாவாக்குகிறோம். கேட்பதற்குப் புராணக் கதை மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு சாதாரண எட்டு மணி நேர ஷிப்டு வேலை. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாய் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் மலைகளை வெடிவைத்து உடைக்கிறார்கள். கல்லை நொறுக்கி, அரைத்து, காற்றில் பிரித்து, இரண்டு மைக்ரான், ஐந்து மைக்ரான் என்று தரம் கட்டி மூட்டையில் போடுகிறார்கள். அந்தப் பொடி பெயிண்டுக்குப் போகிறது, காகிதத்துக்குப் போகிறது, பிவிசி குழாய்க்கும் பற்பசைக்கும் போகிறது. பொடியின் பருமனையும் வெண்மையையும் அளந்து கையெழுத்துப் போடுவது என் வேலை. நிபோங் தெபாலில் நாலு வருஷம் கனிமவளப் பொறியியல் படித்ததற்கு இதுதான் கைமேல் பலன். சில நாள் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். "என்னடா, மாவு மில்லுலயா வேலை பாக்குற?" என்று பாட்டி கேட்பார். கிட்டத்தட்ட அதேதான் பாட்டி.

சென்ற ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ்டல் ஓவிய வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். ஈப்போ பழைய பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் மாடி. பணி ஓய்வு பெற்ற சீன ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். நாங்கள் ஏழு பேர். இருபத்து நாலு குச்சிகள் உள்ள ஒரு பெட்டி, சாம்பல் நிறத்தில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான காகிதம், ஒரு பழைய துணி. அவ்வளவுதான் சாமான். முதல் நாள் அந்தக் குச்சியை விரலில் தேய்த்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாரம் ஆறு நாள் எதை மூக்கில் துடைத்துக்கொண்டு வருகிறேனோ அதையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். மென்பாஸ்டல் என்பது நிறமிப் பொடி, அதற்கு உடம்பு கொடுக்க சுண்ணாம்புப் பொடியோ வெள்ளைக் களிமண்ணோ, எல்லாம் உதிராமல் நிற்க மிகக் கொஞ்சமாகப் பிசின். பிசைந்து உருட்டிக் காயவைத்த மாவு. பெயரே அதைத்தான் சொல்கிறது. இத்தாலிய மொழியில் பிசைந்த மாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

மூன்றாவது வாரம் ஆசிரியை ஒரு படத்தை எல்லாருக்கும் கொடுத்தார். வெப்பமண்டலக் காட்சி. சாய்ந்த தென்னை மரம் இரண்டு, ஆரஞ்சு வானம், மணல், ஒரு சின்னப் படகு. மனிதர் யாரும் இல்லை. "இது எந்த ஊர் டீச்சர்?" என்று கேட்டேன். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "எந்த ஊரும் இல்ல லா. சும்மா ட்ராப்பிக்கல்" என்றார். நானும் வரைந்தேன், சுமாராக வந்தது. ஆனால் கேள்வி போகவில்லை. நான் பிறந்ததிலிருந்து வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறேன். ஈப்போவிலிருந்து கடலுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். என் ஜன்னலில் தெரிவது சுண்ணாம்பு மலை, பழைய ஈயக் குட்டை, வாழை, மின்கம்பம். இது எப்போதிலிருந்து 'ட்ராப்பிக்கல்' இல்லாமல் போனது?

அந்தக் கேள்வியோடு சில மாதங்கள் படித்ததுதான் இந்தக் கட்டுரை. நான் ஓவிய வரலாறு படித்தவன் இல்லை. பொடியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

பாஸ்டல் குளிர்நாட்டு வரவேற்பறைகளில் வளர்ந்த பிள்ளை. வெனிஸ் நகரத்தில் 1673இல் பிறந்த ரொசால்பா கரியேரா என்ற பெண்மணிதான் அதை ஐரோப்பாவின் மோகமாக்கியவர். 1720இல் அவர் பாரீஸுக்குப் போனார். சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயி மன்னனை வரைந்தார். அதே ஆண்டில் பிரெஞ்சு ஓவியக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பெண்களுக்கு அந்தக் கதவு லேசில் திறக்காத காலம். எண்ணெய் ஓவியம் காய நாள் கணக்காகும். பாஸ்டலுக்குக் காயவே வேண்டாம், அது ஏற்கெனவே காய்ந்ததுதான். உட்கார்ந்து முகம் காட்டும் பிரபுக்களுக்குப் பொறுமை குறைவு, பாஸ்டல் அவர்களுக்குத் தோதாக இருந்தது. பவுடர் பூசிய கன்னத்தை வரைய பவுடரைவிட எது பொருத்தம்?

அந்தக் காலத்துப் பாஸ்டல் ஓவியங்களில் எனக்குப் பிடித்தது லியோத்தார் 1744 வாக்கில் வரைந்த 'சாக்லேட் பெண்'. இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. ஒரு பணிப்பெண் தட்டில் ஒரு கோப்பை சாக்லேட்டும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் ஏந்தி நடக்கிறாள். பொடியால் கண்ணாடியையும் தண்ணீரையும் வரைந்திருக்கிறார் மனுஷன். எத்தனை பேர் அந்தத் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்! நான் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கோ ஐரோப்பாவில் விளையாது. அது வந்தது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலத் தோட்டங்களிலிருந்து, அந்தக் காலத்தில் பெரும்பாலும் அடிமைகளின் உழைப்பில். ஆக வெப்பமண்டலம் பாஸ்டல் ஓவியத்துக்குள் நுழைந்தபோது மரமாகவோ கடலாகவோ நுழையவில்லை. யாரோ குடிக்கப்போகும் ஒரு கோப்பையாக நுழைந்தது.

மரமாகவும் கடலாகவும் வருவதற்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1887இல் பால் கோகான் தன் நண்பர் சார்ல் லவாலோடு கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவுக்குப் போனார். சேன் பியேர் பட்டணத்துக்கு அருகே ஒரு குடிசை. சில மாதங்கள்தான் தங்கினார், அதிலும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவரைப் பாதி நாள் படுக்க வைத்துவிட்டன. ஆனாலும் அங்கேதான் அவருடைய வண்ணம் மாறியது என்று சொல்வார்கள். எண்ணெயில் வரைந்தார், பாஸ்டலிலும் வரைந்தார். தலையில் கூடை சுமக்கும் பெண்கள், பப்பாளி மரம், நீலமாக விரியும் கடல். பிறகு 1891இல் தஹித்தி. வெப்பமண்டலம் என்றால் நாகரிகம் தொடாத சொர்க்கம் என்று நம் தலையில் ஒரு படம் இருக்கிறதே, அதை ஊன்றியவர்களில் அவர் முக்கியமானவர்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் தடுக்கி நின்றேன். மார்த்தினிக் ஒரு கரும்புத் தோட்டத் தீவு. 1848இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்த பிறகு தோட்டங்களுக்கு ஆள் இல்லை. 1853 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 25,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்கள். கோகான் போய் இறங்கியபோது அவர்கள் அங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தவரையில் அவருடைய மார்த்தினிக் படங்களில் அவர்கள் இல்லை, கரும்பு ஆலையும் இல்லை. கோகானைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. அதைச் செய்ய வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன, செய்தவர்களும் இருக்கிறார்கள். ஓவியன் எதை வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் சொர்க்கம் தெரிய வேண்டுமென்றால் எந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது ஒரு தேர்வு. அந்தத் தேர்வைப் பின்னால் வந்தவர்கள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்துக்கு அந்தப் படம் பாலி வழியாக வந்தது. 1906இல் டச்சுப் படை தென் பாலியில் இறங்கியபோது பாடுங் அரச குடும்பமும் அதைச் சேர்ந்தவர்களும் சரணடைய மறுத்து, வெள்ளை உடுத்தி வெளியே நடந்து வந்து மாண்டார்கள். அதற்குப் பிறகு இருபது முப்பது ஆண்டுகளிலேயே அந்தத் தீவு கடைசிச் சொர்க்கம் என்று விளம்பரத்தில் வந்தது. கேபிஎம் என்ற டச்சுக் கப்பல் நிறுவனம் பயணிகளை ஏற்றி வந்து இறக்கியது. ஓவியர்களும் வந்தார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த லெ மேயர் முதலில் கோகானின் தடம் தேடித் தஹித்திக்குப் போனவர். 1932இல் பாலிக்கு வந்து, நீ பொல்லோக் என்ற லெகோங் நடனப் பெண்ணை மாடலாக வைத்து வரைந்து, பிறகு அவரையே மணந்துகொண்டார். எண்ணெய், பாஸ்டல், கோவாஷ் எல்லாம் அவருக்குக் கைவரும். 1933இல் சிங்கப்பூரில் கண்காட்சி வைத்தார். படங்கள் நன்றாக விற்றன. அந்தப் பணம்தான் அவரைச் சானூர் கடற்கரையில் வீடு கட்டி நிரந்தரமாகத் தங்க வைத்தது. ஹாலந்துக்காரரான வில்லெம் ஹோஃப்கர் 1938இல் வந்தார். கேபிஎம் நிறுவனம் தன் பத்தாவியா அலுவலகத்துக்காக வரையச் சொன்ன டச்சு ராணியின் படத்தைக் கொண்டுவந்து சேர்க்க வந்தவர், பாலியில் தங்கிவிட்டார். வண்ணக் குச்சிகளால் அவர் வரைந்த பாலிப் பெண்களின் தோலில் வெயில் நிற்கும். பொறாமையாக இருக்கும். பிறகு ஜப்பானியர் வந்து அவரை முகாமில் அடைத்தார்கள்.

1952இல் சிங்கப்பூரிலிருந்து நான்கு ஓவியர்கள் பாலிக்குப் போனார்கள். லியூ காங், சோங் சூ பியெங், சென் சோங் ஸ்வீ, சென் வென் சி. லெ மேயரின் வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் அவர்கள் வைத்த கண்காட்சியை நன்யாங் பாணியின் தொடக்கக் கட்டமாக எல்லா நூல்களும் சொல்கின்றன. நன்யாங் என்றால் சீன மொழியில் தென்கடல். அதாவது நாம் இருக்கும் இடம். லியூ காங் மூவாரில் வளர்ந்தவர், பாரீஸில் படித்தவர். அவருடைய பாஸ்டல்களைப் பார்த்தால் கோகானின் நிறம், பாத்தேக் துணியின் வெள்ளைக் கோடு, நம் ஊர் வெயில் மூன்றும் ஒரே தாளில் உட்கார்ந்திருப்பது மாதிரி எனக்குத் தோன்றும்.

இவர்களைக் கோகானின் நகல் என்று ஒதுக்கிவிட முடியாது. இவர்கள் இங்கே வாழ வந்தவர்கள், இங்கேயே வயதானவர்கள். சோங் சூ பியெங் 1959இல் வரைந்த 'வெப்பமண்டல வாழ்க்கை' கோலாலம்பூர் தேசிய ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நீண்ட கைகால்களோடு பெண்கள் கம்பத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அழகான படம். பெயர்தான் என்னைச் சற்று உறுத்தும். ஈயமும் ரப்பரும் இந்த நாட்டுக்குச் சோறு போட்ட ஆண்டுகள் அவை. சுரங்கம் வரையப்படவே இல்லை என்று சொன்னால் அது பொய். பினாங்கு நீர்வண்ண ஓவியர் அப்துல்லா அரிஃப் 1960இல் ஈயச் சுரங்கத்தை வரைந்திருக்கிறார். அதன் தலைப்பு மலாயில் 'மகிழ்ச்சியான மண்' என்று பொருள் தரும். புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் ஒருவர் அப்படித்தான் பெயர் வைத்திருப்பார். இன்று கிந்தா பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொன்னால் வாயில் கொஞ்சம் மண் படுகிறது.

ஜார்ஜெட் சென்னை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணெயோடு பாஸ்டலையும் விடாமல் கையில் வைத்திருந்தவர் அவர். 1906இல் பிறந்து, நியூயார்க்கிலும் பாரீஸிலும் படித்து, போரில் ஷாங்காயில் கணவரோடு ஜப்பானியக் காவலில் இருந்து, அங்கேயே கணவரை இழந்து, 1951இல் பினாங்குக்கு வந்தார். ஹான் சியாங் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். 1954 முதல் சிங்கப்பூர் நன்யாங் கலைக் கழகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியை. மலாய் படித்துக்கொண்டார். அவர் சொர்க்கத்தைத் தேடவில்லை. சந்தையிலிருந்து ரம்புத்தான் வாங்கிவந்து மேசையில் வைத்துப் பார்த்தார். சாத்தே விற்கும் பையனைப் பார்த்தார். குச்சியை எடுத்துக்கொண்டு 'ட்ராப்பிக்கல்' என்று எதையோ தேடுவதற்குப் பதில் முன்னால் இருக்கிற பழத்தை வரைந்தால் போதும் என்று எனக்கு ஒரு வகையில் வழி காட்டியது அவருடைய படங்கள்தான்.

அப்படித்தான் தென்னையைத் தூக்கி வைத்துவிட்டு, தினமும் பார்க்கிற மலையை வரைய உட்கார்ந்தேன்.

கிந்தா பள்ளத்தாக்கு மலைகள் ஒரு காலத்தில் கடலடி. முப்பது நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடலுயிர்களின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் படிந்து கல்லானவை. வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் என்று தோன்றும். வரைய ஆரம்பித்தால்தான் அதில் சாம்பலே இல்லை என்று தெரியும். மழைநீர் இறங்கிய தடங்கள் கறுப்பு, அது கல்லின்மேல் வாழும் பாசி. இரும்புச் சத்து கசிந்த இடங்கள் காவி, ஆரஞ்சு. நிழல் ஊதா. வெடிப்புகளில் தொங்கும் செடிகள் கரும்பச்சை. எண்பது சதவிகித ஈரப்பதம் உள்ள காற்றில் தூரத்து மலைகள் நீலமாகாமல் பால் கலந்த மாதிரி வெளுக்கும். இதற்குப் பாஸ்டல் நன்றாக ஒத்துழைக்கும். குச்சியைப் படுக்கவைத்து லேசாக இழுத்தால் பனிமூட்டம் தானாக விழுந்துவிடும்.

பச்சைதான் பாடாய்ப் படுத்தியது. இருபத்து நாலு குச்சிப் பெட்டியில் பச்சை மூன்றே மூன்று. ஒன்று புல், ஒன்று ஐரோப்பிய ஊசியிலை மரம், ஒன்று பெப்பர்மிண்ட் மிட்டாய். வாழை இலை எதிலும் இல்லை. பாஸ்டலில் தட்டில் வைத்துக் கலக்க முடியாது, தாளிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டும். ஆசிரியை ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். பச்சைக்கு அடியில் முதலில் இருண்ட சிவப்பையோ ஊதாவையோ போடு, மேலே கருநீலம், அதற்குமேல் மஞ்சள், விரலால் தேய்க்காதே. தேய்த்தால் சேறு. தேய்க்காமல் விட்டால் இலைக்கு அடியில் மண்ணின் சூடு தெரியும். நான்கு முறை கெடுத்த பிறகு வாழை வாழையாக வந்தது. முன்னால் ஈயக் குட்டை. 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்று விலை சரிந்தபோது கிந்தாவில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின, பள்ளங்களில் மழை நிறைந்தது. இன்றைக்கு அவற்றின் கரையில் கல்யாணப் படம் எடுக்கிறார்கள். தண்ணீரை வரைய மலையின் நிறங்களை நேர்க்குத்தாகக் கீழே இழுத்து, கடைசியில் குறுக்கே ஒரே ஒரு வெளிர்க்கோடு. இரண்டு போட்டால் தண்ணீர் கண்ணாடிக் கதவாகிவிடும்.

மிச்சம் இருந்தது வெட்டு. என் மலையின் வலது பக்கம் பாதிக்கு மேல் இல்லை. வெட்டிய இடம் புதுக்கல், பளிச்சென்ற வெள்ளை. அதை விட்டுவிட்டு இடது பக்கத்தை மட்டும் வரைந்தால் படம் காலண்டருக்கே போகும். ஒரு வாரம் அப்படித்தான் வைத்திருந்தேன். முதுகை எந்தப் பக்கம் காட்டுவது என்று கோகானுக்குப் பாடம் எடுத்த எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த வலது பக்கத்தில்தான் என் சம்பளம் இருக்கிறது. கார் தவணையும் பாட்டியின் மருந்தும்கூட. வரைந்தேன்.

பெட்டியில் இருந்த வெள்ளைக் குச்சி பாதியிலேயே தீர்ந்துபோனது. அப்போதுதான் அந்த யோசனை. ஆய்வுக்கூடத்தில் சோதித்து மிச்சமாகும் மாதிரிப் பொடி குப்பைக்குத்தான் போகும். கேட்டு வாங்கி ஒரு பிடி கொண்டுவந்தேன். பிசினுக்குப் பதில் சோற்றுக் கஞ்சி. சிரிக்க வேண்டாம், பழைய ஐரோப்பியச் செய்முறைகளில் ஓட்ஸ் கஞ்சியும் பாலும்கூட உண்டு. முதல் குச்சி கஞ்சி கூடிப் பலப்பமாகி, தாளைக் கீறியது. இரண்டாவது எடுத்தவுடன் உதிர்ந்தது. மூன்றாவது பதமாக வந்தது. ஆனால் முதலில் செய்தவற்றில் இரண்டே வாரத்தில் பச்சையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. குளிர்நாட்டுச் சரக்குக்கு நம் காற்று காட்டும் மரியாதை அது. இங்கே பாஸ்டல் ஓவியங்களைப் பாதுகாப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். பிசினும் காகிதமும் பூஞ்சைக்குச் சாப்பாடு, ஈரப்பதம் 65, 70 சதவிகிதத்தைத் தாண்டினால் விருந்து ஆரம்பம்.

பாரீஸில் ஒரு பாஸ்டல் கடை 1720 முதல் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறது. தெகா அங்கே வாங்கியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆன்ரி ரோஷே என்ற மருந்தாளர் அதை எடுத்து நடத்தினார். குடும்பத்தின் வயதான மூன்று சகோதரிகளோடு அது முடிந்துபோகும் என்றிருந்த நேரத்தில், எண்ணெய்த் துறையில் பொறியாளராக இருந்த இசபெல் ரோஷே என்ற உறவுக்காரப் பெண் வேலையை விட்டுவிட்டு வந்து, கையால் குச்சி உருட்டக் கற்றுக்கொண்டு, கடையை மீட்டார். அதைப் படித்த இரவு எனக்கும் வேலையை விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. காலையில் அலாரம் அடித்தது.

என் பொடிக் குச்சியை வெட்டின்மேல் போட்டபோது ஒன்று புரிந்தது. கல்லூரியில் படித்ததுதான், கையில் பட்டது அன்றைக்கு. சுண்ணாம்புப் பொடியை எண்ணெயில் குழைத்தால் வெள்ளையாக இருக்காது, அழுக்கு மஞ்சளாகக் கண்ணாடிபோல் ஆகிவிடும். ஒளியை வளைக்கும் திறன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் ஒளி சிதறாமல் உள்ளே போய்விடும். எண்ணெய் ஓவியர்களுக்கு அது வெள்ளையே இல்லை. உலர்ந்த பொடியில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்று இருக்கிறது. ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது. அதுதான் வெள்ளை. கோலம் மழையில் நனைந்தால் மங்குவதும், மழை நாளில் வெட்டு மலை கறுத்துத் தெரிவதும் இதனால்தான். பாஸ்டல் உதிராமலிருக்கத் தெளிப்பான் அடித்தால் நிறம் ஒரு படி இறங்குவதும் இதே காரணத்தால்தான், காற்று இருந்த இடத்தில் பிசின் போய் உட்கார்ந்துவிடுகிறது. என் படத்தில் மலையின் காயம் மலையாலேயே வரையப்பட்டிருந்தது. தெளிப்பான் அடிக்க மனம் வரவில்லை.

படத்தைப் புந்தோங்கில் உள்ள பாட்டி வீட்டுக்கு எடுத்துப்போனேன். புந்தோங் என்றால் ஈப்போ தமிழர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்குக் கச்சாங் பூத்தே என்றால் தெரிந்திருக்கும். தைப்பூசத்தன்று காவடிகள் இங்கிருந்துதான் கல்லுமலை முருகனுக்குப் போகும். வரைபடத்தில் குனோங் செரோ என்று போட்டிருக்கும் சுண்ணாம்பு மலை எங்களுக்குக் கல்லுமலை.

பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வாழையைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார். பிறகு வெள்ளை வெட்டில் கண் நின்றது.

"கல்லுமலைதானே?"

நான் இல்லை என்று சொல்வதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

1973 அக்டோபர் 18. குனோங் செரோ மலையிலிருந்து ஒரு பெரும் பாறைப் பாளம் பெயர்ந்து அடிவாரக் குடியிருப்பின்மேல் விழுந்தது. சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். நில அமைப்பு வகுப்பில் பாறைச்சரிவுக்கு உதாரணமாக இதை நாங்கள் படித்திருக்கிறோம். பாறையின் வெடிப்புகள், சுண்ணாம்பு கரைந்த அடிப்பகுதி, சரிவின் கோணம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். பாட்டி அந்த ஊரில் அன்றைக்கு இருந்தவர் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை, நான் கேட்டதும் இல்லை.

"நாங்க எல்லாம் ஓடிப்போய் நின்னோம். கிட்ட விடல. தூரத்துலேர்ந்து பாத்தா மலையில வெள்ளையா ஒரு எடம், புதுசா. அவ்வளவு வெள்ளையா நான் எதையும் பாத்ததில்ல. அதத்தான் பாத்துக்கிட்டே நின்னேன். கீழ பாக்க முடியல" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்புறம் வருஷா வருஷம் அது கறுத்துப் போச்சு. தைப்பூசத்துக்குப் போறப்பெல்லாம் பாப்பேன். இப்ப எடமே தெரியல. நீ எப்படிடா சரியா வரைஞ்ச?"

இது வேற மலை பாட்டி, இது நாங்க வெட்டுன வெள்ளை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தொடாதீங்க, உதிரும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் விரல் படத்தின்மேல் இருந்தது. எடுத்தபோது நுனியில் வெள்ளை. பழக்கத்தில் கை நெற்றிக்குப் போகப் பார்த்தது, பிறகு புடவையில் துடைத்துக்கொண்டார். வெட்டின் நடுவே, பாறைப்படிகளுக்குக் குறுக்கே, ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் தாள் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, வெள்ளையை மறுபடி போட்டு மூடிவிடலாம், ஐந்து நிமிஷ வேலை என்றார். குச்சி இன்னும் ஒன்றரை பாக்கி இருந்தது. நான் அப்படியே கண்ணாடி போடக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க நடுவில் அட்டை வைக்கச் சொன்னேன், பின்பக்கம் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு ஒட்டினேன். சட்டம் போடும் கடைக்காரர் பில்லில் எழுத வேண்டும், படத்துக்கு என்ன பேர் என்று கேட்டார். மலை என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.